பன்னிரண்டு அடிக் கூண்டும் இருபது வளைவும்: ஏற்காட்டில் ஒரு ரெஸ்லிங் ஞாயிறு

வழக்கமாக என் பயணக் குறிப்புகளில் அருவி இருக்கும், கோயில் இருக்கும், நல்ல டீ எந்தக் கடையில் என்கிற தகவல் இருக்கும். இந்த முறை ஓர் இரும்புக் கூண்டைப் பார்க்க ஏற்காடு போய் வந்தேன். அந்தக் கூண்டுக்குள் சண்டை போடப் போகிறவன் என் மகன் கார்த்தி. அதனால் இது ஊர் சுற்றும் ஆசையில் போன பயணம் இல்லை, பயத்தில் போனது. நவம்பர் மாதம் மூன்றாவது ஞாயிறு. மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது.

புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஈரோட்டில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்து நான்கு. கார்த்திக்கு இருபத்தேழு. வாரத்தில் ஆறு நாள் ஜிம்மில் மற்றவர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுப்பான். ஏழாவது நாள், டிவியில் வருமே அந்த மாதிரி ரெஸ்லிங் நடத்துகிற சேலத்துக் குழு ஒன்றோடு சேர்ந்து கொண்டு கரடி முகமூடி மாட்டிக்கொண்டு அடி வாங்குவான், அடிப்பான். இதெல்லாம் ஒத்திகை பார்த்து மோதுவதுதான், யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள் என்று எனக்கு ஆறுதல் சொல்லாத ஆள் கிடையாது. முடிவைப் பேசி வைக்கலாம். உயரத்தை யார் பேசி வைப்பது? கீழே விழுகிற உடம்புக்கு ஒத்திகை தெரியுமா?

போன வருடம் அவனுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் நடந்தது. அந்தத் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கும்போதே, ஏற்காட்டில் கூண்டுச் சண்டை என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்து நின்றான். கூண்டின் உச்சியில் ஏறி, கீழே படுத்திருப்பவன் மேல் குதிக்கிற பங்கு அவனுக்கு. நான் தோசைக் கரண்டியும் கையுமாக நின்று, இரண்டு வேளை சாப்பிடாமல் அடம் பிடித்து, சத்தியம் வாங்கினேன். கூண்டு மேல் ஏற மாட்டேன் என்று என் உள்ளங்கையில் அடித்துச் சொன்னான். அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதனால்தான் கிளம்பினேன்.

காலை 5.50-க்கு ஈரோட்டில் பஸ் ஏறினேன். சேலம் புது பஸ் நிலையத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். டிக்கெட் 52 ரூபாய். அங்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு 8.05 ஏற்காடு பஸ்ஸைப் பிடித்தேன். தூரம் சுமார் 32 கிலோமீட்டர், டிக்கெட் 33 ரூபாய். ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும், இருபது நிமிடம் முன்னாடியே போய்விடுங்கள். இடம் கிடைத்தது. கிடைத்தது ஜன்னலோரம் என்பதுதான் என் கெட்ட நேரம்.

எனக்கு உயரம் ஆகாது. பரண் மேல் இருக்கிற பித்தளை அண்டாவை எடுக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவள் நான். சேலத்திலிருந்து மேலே போகும் ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் வளைவிலேயே சேலம் கீழே இறங்க ஆரம்பித்தது. வெளியே பார்க்கக் கூடாது என்பதற்காக, எனக்குத் தெரிந்த கூண்டுச் சண்டை வரலாற்றை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டினேன். சிரிக்காதீர்கள். பயப்படுகிறவர்களில் கண்ணை மூடிக்கொள்கிற ஜாதி ஒன்று, தேடித் தேடிப் படிக்கிற ஜாதி ஒன்று. கார்த்தி இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து நான் படித்திருக்கிற அளவுக்கு அவனே படித்திருக்க மாட்டான்.

முதல் கூண்டு இரும்பே இல்லை. கோழிவலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அமெரிக்காவின் தெற்குப் பக்கம், சண்டை மேடையைச் சுற்றிக் கோழிவலையைக் கட்டினார்கள். காரணம் சாதாரணமானது. தோற்கப் போகிறவன் மேடையை விட்டு இறங்கி ஓடுவான், அவனுடைய கூட்டாளி வெளியிலிருந்து ஏறி வந்து குறுக்கே விழுவான். உள்ளே இருப்பவன் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவன் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். கோழிவலை பிறகு தடித்த கம்பிவலை ஆனது. மாதக் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிற பகைக்குக் கடைசி ஆட்டம் என்றால் கூண்டு என்று வழக்கமானது. ஏழாவது வளைவில் எதிரே ஒரு லாரி வந்து எங்கள் பஸ் பின்னால் நகர்ந்தது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியில் கை சிவந்துவிட்டது.

அப்புறம்தான் கோளாறு வந்தது. கூண்டிலிருந்து முதலில் வெளியேறுகிறவன் ஜெயித்தவன் என்று சில இடங்களில் விதி வைத்தார்கள். கதவு வழியாகவும் போகலாம், மேலே ஏறிக் குதித்தும் போகலாம். ஏறலாம் என்று சொன்ன பிறகு மனிதன் சும்மா இருப்பானா? எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருவர் உச்சியில் ஏறி, வெளியே போகாமல், திரும்பி நின்று உள்ளே படுத்திருந்தவர் மேல் பாய்ந்தார். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கூண்டு என்றால் ஏறுகிற இடம் என்று ஆகிப் போனது. கம்பிவலைக்குப் பதில் தடித்த கம்பிகள் வந்தன. ஒரு இடத்தில் இரண்டு மேடைகளைச் சேர்த்து ஒரே கூண்டுக்குள் போட்டார்கள். தொண்ணூறுகளில், ஏறித் தப்பிக்க முடியாதபடி மேலே கூரையும் போட்டு மூடினார்கள். அந்தக் கூரை மேலேயும் ஏறி நின்று சண்டை போட்டார்கள். அங்கிருந்து விழவும் செய்தார்கள். ஓடாமல் இருக்கக் கட்டிய வேலி, ஏறி விழுகிற கோபுரமாக மாறியதுதான் இதன் மொத்த வரலாறு. இதைப் படித்து முடித்த இரவு நான் தூங்கவில்லை.

படித்ததில் உருப்படியான விஷயம் ஒன்று உண்டு. ஆட்டத்தில் யாருக்காவது உண்மையிலேயே அடிபட்டுவிட்டால் நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்துக் காட்டுவார். பெருக்கல் குறி மாதிரி. அதைப் பார்த்தால் நடிப்பை நிறுத்திவிட்டு ஆள் ஓடி வர வேண்டும். கார்த்தியும் அது உண்மைதான் என்றான். அன்றிலிருந்து நான் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் சண்டையைப் பார்ப்பதில்லை, நடுவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

9.20-க்கு ஏற்காடு. வெள்ளிக்கிழமையே வந்துவிட்டிருந்த கார்த்தி ஏரிக்குப் பக்கத்தில் டீக்கடையில் நின்றிருந்தான். நொண்டுகிறானா என்று பார்த்தேன், இல்லை. உட்கார்ந்ததும் சத்தியத்தை ஞாபகப்படுத்தினேன். கதையையே மாற்றிவிட்டோம் என்றான். அவன் கீழே படுத்துக்கொள்வான், எதிராளி ஸ்டீபன் உச்சியில் ஏறிக் குதிப்பான், இவன் உருண்டு தப்பித்துக் கதவு வழியாக வெளியே போய் ஜெயிப்பான். கதவு வழியாக, கவலைப்படாதே என்று இரண்டு தரம் சொன்னான்.

ஸ்டீபன் ஏற்காட்டை ஒட்டிய வெள்ளக்கடைப் பையன். இருபத்து நான்கு வயது. எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் ரசம் சாப்பிட்டிருக்கிறான். அவன் பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நிம்மதியாக இரண்டாவது டீ சொன்னேன்.

நேரம் இருந்ததால் ஆட்டோ பிடித்துச் சேர்வராயன் கோயிலுக்குப் போய் வந்தேன். காத்திருந்து திரும்பக் கொண்டு வந்து விட 500 ரூபாய். பேரம் பேசினால் குறையலாம், எனக்கு அன்று பேசத் தெம்பில்லை. மலை உச்சியில் இருந்தாலும் கோயில் குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும். விழுவதற்கு இடமில்லாத கோயில் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. கார்த்தி பெயருக்கு அர்ச்சனை சொன்னேன், அவன் முட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். ஒரே ஒரு பெயர்தான் சொன்னேன் என்பதைப் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு. இடம், கிளியூர் போகும் ரோட்டில் ஒரு பழைய காபிக் களம். காபிக் கொட்டை காய வைப்பதற்காக சிமென்ட் போட்ட பெரிய வாசல் அது. டவுனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர், நடந்தே போகலாம். நுழைவு 150 ரூபாய். நடுவில் மூன்றரை அடி உயர மேடை, அதன் மேல் பன்னிரண்டு அடிக் கூண்டு. ஆக, உச்சியிலிருந்து வெளிப்பக்கச் சிமென்ட் தரைக்குப் பதினைந்தரை அடி. நான் கணக்கு டீச்சர், இதையெல்லாம் கூட்டாமல் இருக்க முடியாது. பக்கம் நான்கும் கம்பிவலை, உச்சியில் சுற்றிலும் ஒரு தடித்த பைப்பு, கூரை கிடையாது. மரங்களில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தன. மேலே பனிமூட்டம் இறங்க ஆரம்பித்தது. வந்து வந்து போனதில் கூண்டின் உச்சி சில சமயம் தெரிந்தது, சில சமயம் இல்லை.

சேலத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் நான் மேடை ஓரம் வரை போய் முட்டி முட்டி என்று கத்திவிட்டேன். நாமக்கல்லிலும் கொஞ்சம் கத்தினேன். அதனால் ஐந்தாவது வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது கார்த்தியின் உத்தரவு. அங்கே எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஸ்டீபனின் அம்மா அருள்மேரி. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர். காலையில் மாதா கோயில் பூசை முடித்துவிட்டு அதே புடவையோடு வந்திருந்தார். முன்பின் தெரியாத என் மடியில் வேக வைத்த கடலையை அள்ளிப் போட்டார். ரெஸ்லிங் பார்ப்பது இதுதான் முதல் தரம் என்றார்.

"பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க பயம்? சும்மா கீழயே உருண்டு பொரண்டு வெளயாடறதுதான்னு சொன்னானுங்க. உங்க பையனும் ஊட்டுக்கு வந்திருக்கானுங்க, நொம்ப நல்ல பையன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியம் வாங்கிய அன்று அந்தக் குதி காணாமல் போய்விடவில்லை. என் மகனிடமிருந்து கிளம்பி இந்த அம்மாவின் மகனிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அனுப்பி வைத்தது நான். அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இவர் எழுந்து போய் மகனை நிறுத்துவார், உடனே குதி மறுபடி கார்த்திக்கு வந்துவிடும் என்று என் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. சொல்லாமல் கடலையை உரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததைத்தானே எழுத வேண்டும்.

மூன்று பத்துக்கு ஆட்டம் ஆரம்பித்தது. உள்ளே கரடி முகமூடியில் கார்த்தி, சிவப்பு உடையில் ஸ்டீபன், நடுவர் ஜெகன். கதவைச் சாத்திச் சங்கிலி போட்ட சத்தம் என் பல்லில் கூசியது. ஊர்ப் பையன் என்பதால் கூட்டம் முழுக்க ஸ்டீபன் பக்கம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வலையில் மோதினார்கள். ஒவ்வொரு மோதலுக்கும் கூண்டு முழுவதும் அதிர்ந்தது. நான் ஜெகன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வலது பக்கம் வெள்ளை வேட்டியில் ஒருவர் பெருமையாக உட்கார்ந்திருந்தார். பெயர் சண்முகம், வெல்டர். இந்தக் கூண்டு அவர் செய்ததுதானாம். ஏற்காட்டில் பாதி வீடுகளின் ஜன்னலுக்கும் மொட்டை மாடிக்கும் குரங்கு வராமல் கம்பி அடித்துக் கொடுத்தவர். நல்ல வேலை என்று மரியாதைக்குச் சொல்லி வைத்தேன். அதில் குளிர்ந்து போய் அவர் இன்னொன்றும் சொன்னார்.

"ரெண்டு நாளா கொரங்குத் தொந்தரவு தாங்கலீங்க. மேல ஏறி உக்காந்து பேனரெல்லாம் கிழிச்சுப் போட்டுருச்சு. தண்ணி டேங்குப் பைப்புக்குத் தடவறாப்பல, இன்னிக்குக் காலைல மேல் பைப்பு பூரா கிரீஸத் தடவி உட்டுட்டனுங்க. அப்பறம் ஒண்ணாச்சும் ஏறுச்சா பாருங்க."

கடைசி ஒத்திகை சனிக்கிழமை மதியத்தோடு முடிந்துவிட்டது என்று கார்த்தி சொல்லியிருந்தான். உள்ளே இருக்கிற மூன்று பேருக்கும் இது தெரியாது. பைப்பு மேல ஆள் ஏறுவாங்களே என்றேன்.

"ஏனுங்க, கூண்டு மேல ஆளு எதுக்குங்க ஏறோணும்? உள்ள உட்டுச் சாத்தறதுக்குத்தானுங்க கூண்டு" என்றார் அவர், நான் ஏதோ புத்தி கெட்டுக் கேட்கிற மாதிரி.

அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. முதன்முதலில் கோழிவலை கட்டியவர்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். உள்ளே இருப்பவன் உள்ளேயே இருக்க வேண்டும். இவருக்கு யாரும் அதற்குப் பிறகான கதையைச் சொல்லவில்லை. அருள்மேரிக்கு நான் சொல்லாத மாதிரி.

மேடையில் கார்த்தி மல்லாக்க விழுந்து கிடந்தான். ஸ்டீபன் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினான், பிறகு வலையில் கால் விரலை வைத்தான். நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன், எனக்கு உயரம் ஆகாது என்பதே மறந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி காட்டினேன். ஜெகன் பார்த்தால் நிறுத்திவிடுவான். அவன் பார்க்கவில்லை. என் பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஸ்டீபனுக்கு உற்சாகம் காட்டுகிற சைகை என்று நினைத்து அவர்களும் கையைக் குறுக்காகத் தூக்கினார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை. அரை நிமிடத்தில் களம் முழுக்கப் பெருக்கல் குறி. பக்கத்தில் அருள்மேரியும் சிரித்துக்கொண்டே தூக்கியிருந்தார். ஜெகன் திரும்பிப் பார்த்துவிட்டு, கூட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி திரும்பிவிட்டான்.

இறங்கி ஓடினேன். மேடைக்கு முன்னால் நின்ற ஆள் கையை விரித்து மறித்தார். அவர் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டேன். ஒலிபெருக்கியில் மேளம் இடித்தது. கார்த்தியின் தலை கிடந்த மூலைக்குப் போய் வலையைப் பிடித்துக்கொண்டு, மேல் பைப்பில் கிரீஸ் இருக்கிறது என்று கத்தினேன். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். உதடு அசையாமல் பேசினான்.

"அம்மா, போய் உக்காரும்மா."

கண்ணை மூடிக்கொண்டான். சேலத்தில் கத்தியதற்கும் நாமக்கல்லில் கத்தியதற்கும் சேர்த்து எனக்குக் கிடைத்த கூலி அது. மேலே ஸ்டீபன் எட்டு அடி ஏறிவிட்டான். கொஞ்சம் பனிமூட்டம் வந்து அவன் தோளுக்கு மேல் மறைத்தது.

"உனக்காகக் கத்தலடா கார்த்தி. ஸ்டீபனுக்காகக் கத்தறேன். அவன் கையப் பாரு" என்றேன்.

அந்தப் பேச்சு அவனுக்குப் புதிது. நான் அவன் ஆட்டத்தில் இன்னொருவன் பெயரைச் சொன்னதே இல்லை. கண்ணைத் திறந்து மேலே பார்த்தான். பனி விலகியிருந்தது. ஸ்டீபனின் வலது கை பைப்பைப் பிடித்தது, வழுக்கியது, மறுபடி பிடித்தது. அவன் கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை கறுப்பாக இருந்தது. அது என்ன என்று அவனுக்குப் புரியவில்லை என்பது கீழே நின்ற எனக்கே தெரிந்தது. காலை வலையிலிருந்து எடுத்து பைப்பின் மேல் போடப் பார்த்தான். போட்டிருந்தால் அந்தப் பக்கம் சிமென்ட் தரை.

கார்த்தி எழுந்து ஓடினான். வலைக்குக் கீழே போய் நின்று ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தான். எதற்குப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும்.

"ஏறு சாமி, ஏறு" என்று கத்தினேன்.

ஆபரேஷன் செய்த காலை முதலில் வைத்து ஏறினான். நாலடி, ஐந்தடி. ஸ்டீபனின் இரண்டு கையும் விட்டுப் போன அதே நேரத்தில் இவன் அவனுடைய தொடையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உள்பக்கமாகப் பின்னால் சாய்ந்தான். இரண்டு பேரும் சேர்ந்து மேடையில் விழுந்தார்கள். கார்த்தி அடியில், ஸ்டீபன் அவன் மேல். அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஜெகன் அவர்கள் மேல் குனிந்து என் பார்வையை மறைத்துக்கொண்டான். நான் அவன் கையை மட்டும் பார்த்தேன். தூக்குவானோ, தூக்குவானோ என்று பதினொன்று வரை எண்ணினேன். தூக்கவில்லை. முதலில் ஸ்டீபன் முட்டி போட்டு எழுந்தான். அப்புறம் என் மகனின் விரல் அசைந்தது.

பேசி வைத்த முடிவு போன இடம் தெரியவில்லை. கார்த்தி ஸ்டீபன் காதில் ஏதோ சொல்லிக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டான், சங்கிலியை அவிழ்த்துவிட்டார்கள், அவன் தவழ்ந்து வெளியே வந்து ஜெயித்தவன் ஆனான். ஊர்ப் பையன் ஜெயித்ததால் களமே ஆடியது. ஆட்டத்தை நடத்துகிறவருக்குத்தான் முகம் கடுகடுவென்று இருந்தது. கார்த்திக்கு முட்டி வீங்கி மூன்று வாரம் ஓய்வு, ஸ்டீபனுக்குக் கணுக்காலில் சுளுக்கு. சண்முகத்திடம் விஷயத்தை விளக்கிச் சொன்னோம். அவர் ஏணியைக் கொண்டு வந்து போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் நாலு பக்கப் பைப்பையும் துடைத்தார். மறுநாள் கூண்டைக் கழற்றிவிடப் போகிறார்கள் என்று சொன்னோம். அப்படியும் துடைத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஞாயிறு திரும்பி வரும்போது மாலை ஆறு மணிக்கு மேல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், ஐந்தரைக்கே நிலையத்துக்கு வந்துவிடுங்கள். நவம்பரில் ஸ்வெட்டர் கட்டாயம், மதியத்திலேயே குளிர்கிறது. தின்பண்டத்தைக் கையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்தால் குரங்கு வாங்கிக்கொண்டு போய்விடும். தலை சுற்றுகிறவர்கள் பஸ்ஸில் உள் இருக்கையாகக் கேட்டு உட்காருங்கள். இந்த மாதிரிக் குழுவில் பிள்ளையோ தம்பியோ இருந்தால், ஆட்டத்தன்று காலையிலும் ஒரு தரம் கூண்டில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், கூண்டு செய்தவரிடம் அதில் என்ன நடக்கப் போகிறது என்று உட்கார்ந்து பேசுங்கள். ஐந்தாவது வரிசை வேண்டாம். முதல் வரிசைக்குச் சண்டை போடுங்கள். வாயைத் திறந்தால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும். அதே சமயம் எல்லாவற்றுக்கும் கத்தாதீர்கள். எனக்குக் கிடைத்த பாடம் அது.

கார்த்தி குழுவின் வேனில் வருவதாக இருந்ததால் நான் தனியாகப் பஸ் நிலையத்துக்கு வந்தேன். அருள்மேரி வழியனுப்ப வந்து, பஸ்ஸுக்குள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்காக ஒரு பையில் மிளகும் நாலு ஆரஞ்சும் கொண்டு வந்திருந்தார். என் மகனால்தான் தன் மகன் பிழைத்தான் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்தக் குதி முதலில் கார்த்திக்கு இருந்ததையும், நான் அடம் பிடித்து மாற்ற வைத்ததையும், மதியம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவர் என் கையை விடவில்லை. டிரைவர் ஏறிவிட்டார்.

"அப்படியெல்லாம் கேக்கலாம்னு எனக்குத் தெரியாதுங்க, டீச்சரம்மா" என்றார். "நீங்க சத்தியம் வாங்கறப்ப ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கியிருக்கலாமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். பஸ் கிளம்பியது. கிடைத்தது இந்த முறையும் ஜன்னலோரம்தான். இறங்கும்போது மூன்றாவது வளைவு தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. கார்த்தியின் எண்ணைத் தாண்டிப் போய் ஸ்டீபனைக் கூப்பிட்டேன்.